ஏற்காட்டுக் குளிரும் நம் வீட்டு அடுப்பும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோரை, மார்கழி மாதத்தில் முதலில் வரவேற்பது பனிதான். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மலையூரில், 1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். இன்றும் சேர்வராயன் மலைச் சரிவுகளில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களைத் தழுவி மிளகுக் கொடியும் வளர்கின்றன. நவம்பரில் தொடங்கும் காப்பிப் பழ அறுவடை சனவரி வரை நீளும். அதன் நடுவிலேதான் கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது.

கையில் அறுவடைக் கூலி, உடலில் குளிர், உள்ளத்தில் விழா மகிழ்ச்சி. இம்மூன்றும் ஒன்று சேரும் வேளையில், "குளிருக்கு ஒரு வாய்" என்ற சொல்லும் உடன் வந்து சேர்கிறது. பிள்ளைகளின் புத்தாடைக்கென்று ஒதுக்கிய பணம் அந்த ஒரு வாயில் கரைந்துபோவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மது உடலைச் சூடாக்கும் என்பதும் உண்மையன்று. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் சற்று நேரம் வெதுவெதுப்பாகத் தோன்றும். ஆனால் உடலின் உள்வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடும். குளிரைப் போக்கக் குடிப்பவர் உண்மையில் குளிருக்கு வழி திறந்து விடுகிறார்.

இதில் நம் சேலம் மாவட்டத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது இம்மாவட்டத்தில்தான். அந்தச் சட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் விலகியது. 2003 முதல் அரசு நிறுவனமே கடை வைத்து மது விற்கிறது. சட்டம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும், சட்டம் கையிலிருக்கும் கோப்பையைப் பறிக்குமேயன்றி, அந்தக் கையில் வேறொன்றைக் கொடுக்காது. கொடுக்க வேண்டியது வீடு. அதற்கு உதவும் மூன்று பக்குவங்களை, ஆறு பேருக்கான அளவோடு இங்கே தருகிறோம்.

முதலாவது, ஆரஞ்சு இஞ்சிப் பானம். நூறு கிராம் இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, பத்து மிளகு, நான்கு கிராம்பு, ஒரு சிறு துண்டு பட்டை ஆகியவற்றுடன் ஒரு லிட்டர் நீரில் இருபது நிமிடம் கொதிக்க விடவும். வடிகட்டி, முந்நூறு கிராம் சர்க்கரையைச் சூட்டிலேயே கரைக்கவும். ஆறிய பின் மூன்று எலுமிச்சம்பழச் சாறு சேர்க்கவும். பரிமாறும்போது ஒரு பங்கு இச்சாற்றுடன், அப்போதே பிழிந்த ஆரஞ்சுச் சாறு ஒரு பங்கும் வெந்நீர் ஒரு பங்கும் கலந்து கொடுக்கவும். ஆரஞ்சுச் சாற்றை அடுப்பில் வைக்கலாகாது. சுவையும் சத்தும் குன்றும். தொண்டையில் இறங்கும் இஞ்சியின் காரம், "குளிருக்கு" என்று கேட்டவருக்குத் தக்க விடையளிக்கும்.

இரண்டாவது, பூரணக் கொழுக்கட்டை. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் இல்லங்களில், குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை "கொழுக்கட்டைச் சனி" என்றே பெயர் பெற்றிருக்கிறது. வறுத்த அரிசி மாவு இரண்டு டம்ளர் எடுத்து, உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து, தளதளவெனக் கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவும். நீர் கொதிக்காவிடில் மாவு வெடிக்கும். வெல்லம் இருநூறு கிராமைக் கரைத்து வடிகட்டி, ஒரு தேங்காயின் துருவலோடு ஈரம் வற்றும்வரை கிளறி, வறுத்த எள்ளும் ஏலப்பொடியும் தூவினால் பூரணம் ஆயிற்று. உள்ளே வைத்து மூடி, பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிடவும். இம்மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் நெடுங்காலமாக விளைவித்துவந்த கேழ்வரகின் மாவைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் சத்தும் மிகும். மாவைத் தட்டவும் மூடவும் பிள்ளைகளையும், அவர்கள் தந்தையையும் அழையுங்கள். கை மாவில் இருக்கும்போது கால் கடைப் பக்கம் போகாது!

மூன்றாவது, ஆட்டுக்கறி இஷ்டு. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, இரண்டு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஆறு பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய் நான்கு ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்கவும். அரை கிலோ கறியும் உப்பும் சேர்த்து, ஒரு தேங்காயின் இரண்டாம் பால் ஊற்றி மெல்லிய தீயில் வேகவிடவும். கறி மிருதுவானதும் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி சேர்க்கவும். காய் வெந்ததும் தீயைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, சூடேறியவுடன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்வோர், முதற்பால் ஒன்று நீங்கலாக எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புறப்படலாம். திரும்பியதும் நன்கு கொதிக்கவைத்து, பின் தீயைக் குறைத்துப் பாலைச் சேர்க்கலாம். கறி வாங்க இயலாத வீட்டில், அப்பருவத்தில் கிடைக்கும் பச்சை மொச்சை அதன் இடத்தை நிரப்பும். ஆப்பமோ ரொட்டியோ துணையிருந்தால் போதும்.

"கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் இருந்ததே!" என்று யாரேனும் கேட்கலாம். இருந்தது. ஆனால் அப்பந்தியில் குறைவதை முதலில் கண்டவர் ஒரு தாய் என்பதையும், அவ்வீட்டாருக்குத் தலைகுனிவு நேரலாகாதே என்று அவர் கவலையுற்றார் என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் இல்லங்களிலும் குறைவது எது என்பதைத் தாய்மார் நன்கு அறிவர். பல வீடுகளில் குறைவது பானமன்று. பந்தியில் அமர வேண்டிய தந்தைதான்.

பனியில் நனைந்து கோவிலிலிருந்து திரும்பும் குடும்பத்திற்கு, அடுப்பில் இஷ்டுவும், ஆவி பறக்கும் கொழுக்கட்டையும், கைகளுக்கு இதமான இஞ்சிக் கோப்பையும் காத்திருக்கட்டும். எல்லாரும் வந்து அமர்ந்த பின்பே பரிமாறுவது என்ற வழக்கத்தை இவ்வாண்டு விழாவிலேயே தொடங்குவோம்.