லண்டன் ஏலும் நம்ம ஊர்க் கள்ளும்

லண்டனுக்குப் புதுசா வர்ற நம்ம ஆட்கள் பப்புக்குப் போனதும் சொல்ற முதல் குறை, "என்னப்பா, பீர் சூடா இருக்கு!" என்பதுதான். உண்மையில் அது சூடு இல்லை. 11 முதல் 13 டிகிரி வரையிலான நிலவறைக் குளிர்ச்சி. ஐஸ் போல இருந்தால் 'ஏல்' என்கிற இந்த பாரம்பரிய பீரின் ருசி நாக்குக்கே தெரியாது.

மற்ற பீரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஒரே விஷயம்: இது உயிருள்ள பானம். ஆலையிலிருந்து கிளம்பும்போதும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் அது மெல்ல நொதித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து கேஸ் ஏற்றுவதில்லை. கைப்பம்பால் இழுத்துத்தான் ஊற்றுவார்கள். திறந்துவிட்டால் மூணு நாளைக்குள் விற்றாக வேண்டும், இல்லைன்னா இட்லி மாவு மாதிரி புளிச்சுப் போயிடும். ஒரு சின்ன பீப்பாயில் 72 பைண்ட். அதனால் வியாபாரம் நடக்கிற பப்பாகத் தேடிப் போவதுதான் புத்திசாலித்தனம். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டுட்டு வாங்குங்க.

இந்த ஏல் அழிந்துபோக இருந்தது. 1960-களில் பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளை வளைத்துப் போட்டு, வடிகட்டி, ஈஸ்ட்டைக் கொன்று, கேஸ் ஏற்றிய 'கெக்' பீரை நாடு முழுக்கத் திணித்தன. கெட்டுப்போகாது, விற்பது சுலபம். 1971-ல் நாலு இளைஞர்கள் சேர்ந்து 'கேம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். குடிக்கிறவர்களே நடத்தும் நுகர்வோர் சங்கம் அது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். நல்ல ஏல் கிடைக்கும் பப்புகளுக்குக் கையேடு போட்டார்கள், திருவிழா நடத்தினார்கள், எம்.பி.க்களை விடாமல் நச்சரித்தார்கள். 2002-ல் சின்ன ஆலைகளுக்கு அரசு வரியைக் குறைத்தது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்த லண்டன் பீர் ஆலைகள் அடுத்த பதினைந்து வருஷத்தில் நூறைத் தொட்டன.

இழப்பும் உண்டு. வாண்ட்ஸ்வொர்த்தில் யங்ஸ் நிறுவனத்தின் பழம்பெரும் ஆலை 2006-ல் மூடப்பட்டது. சிஸ்விக்கில் 1845 முதல் இயங்கிய ஃபுல்லர்ஸ், பீர் தொழிலை 2019-ல் ஜப்பானின் அசாஹிக்கு விற்றது. ஆனாலும் லண்டன் பிரைட் இன்றும் அங்கேதான் தயாராகிறது.

வீட்டிலும் காய்ச்சலாம். 1963 வரை அதற்கு லைசென்ஸ் வேண்டும். இப்போது விற்காதவரை யாரும் கேட்க மாட்டார்கள். நானும் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் வாங்கி வார இறுதியில் காய்ச்சுகிறேன். பாதி நேரம் பாத்திரம் கழுவுவதிலேயே போகும். சுத்தம் இல்லைன்னா மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

காய்ச்சும்போதெல்லாம் எனக்குக் கள் ஞாபகம்தான் வரும். அதுவும் உயிருள்ள பானம், அதுவும் சீக்கிரம் புளித்துப்போகும், போதையும் ஏறக்குறைய பீர் அளவுதான். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனை நம் மாநில மரம்; அதில் ஏறிக் கள் இறக்கினால் வழக்கு. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியை மட்டும் அரசே கடை போட்டு விற்கிறது. கலப்படம் நடக்கும் என்பதுதான் தடைக்குச் சொல்லப்படும் காரணம். 2024-ல் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதே, அதைத் தடுக்க இந்தத் தடையால் முடிந்ததா?

குடிங்கன்னு யாரையும் நான் சொல்லவில்லை. மதுவே வேண்டாம் என்றால் அது நேர்மையான கொள்கை. பிராந்தி இருக்கலாம், கள் கூடாது என்பது என்ன கொள்கை? யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தவறணைகளில் கள் விற்கிறார்கள். சங்கம், லைசென்ஸ், பரிசோதனை, அன்றைய கள் அன்றைக்கே விற்பனை என்று இங்கேயும் நாலு மாவட்டத்தில் முயன்று பார்க்கலாமே. இங்கிலாந்தில் குடிப்பவர்கள் சங்கம் வைத்தே தங்கள் பானத்தைக் காப்பாற்றினார்கள். நம்மூரில் பனையேறிகள்தான் இத்தனை வருஷமாகத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.