கிரியேட்டினின் நார்மல்... கால்சியம் பார்த்தீங்களா?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கிரியேட்டினின் எவ்வளவு வந்திருக்கு?" அது குறைவாக இருந்தால் வீடே நிம்மதியாகிவிடும். நியாயம்தான். ஆனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கால்சியம் என்றும் ஒரு வரி இருக்கும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் அதையும் விடாமல் பார்க்கணும். காரணம் கழுத்தில் இருக்கிறது.

தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு குட்டிச் சுரப்பிகள் உண்டு. பெயர் பாராதைராய்டு. பெயரில்தான் தைராய்டு இருக்கு, வேலை வேறு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது இவை பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். (ரொம்பச் சின்னது என்பதால் மருத்துவர்கள் கண்ணில் படவே தாமதமானது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தில்தான் முதலில் பார்த்தார்கள்! மனித உடலில் இதை 1880-ல் விவரித்தவர், ஸ்வீடனில் மருத்துவ மாணவராக இருந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம்.)

சிறுநீரகம் செயலிழந்தால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும், வைட்டமின் டி முழுமையாகச் செயல்படாது, கால்சியம் இறங்கும். அதைச் சரிக்கட்ட இந்தச் சுரப்பிகள் ஓவர்டைம் பார்க்கும். டயாலிசிஸில் வருடங்கள் கூடக்கூட சுரப்பிகளும் வீங்கிப் பெரிதாகும். பிறகு புதுச் சிறுநீரகம் வருகிறது. பாஸ்பரஸ், வைட்டமின் டி எல்லாம் மெல்லச் சரியாகின்றன. சுரப்பிகளும் அடங்கணும் இல்லையா? பலருக்கு ஓராண்டுக்குள் கணிசமாக அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. தேவையே இல்லாமல் பி.டி.எச். சுரந்துகொண்டே இருக்கும்; முன்பு குறைந்திருந்த கால்சியம் இப்போது எல்லை தாண்டி ஏறும்.

இதனால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரையால் மெலியும் எலும்பிலிருந்து மேலும் கால்சியம் போகும், லேசாக விழுந்தாலே எலும்பு முறியலாம். மிஞ்சும் கால்சியம் அந்தப் புதுச் சிறுநீரகத்திலேயே படியலாம், கல்லாகலாம், ரத்தக் குழாய்களிலும் சேரலாம். பி.டி.எச். நீண்ட காலம் உயர்ந்தே இருப்பவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் செயலிழக்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் தானமாகக் கொடுத்த உறுப்பு அது. ஒரு ரத்தப் பரிசோதனையைத் தவறவிட்டதால் அது பாதிக்கப்படக் கூடாது.

அறிகுறிகளை நம்பி இருக்க முடியாது. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு, எலும்பு வலி இதெல்லாம் வரலாம். ஆனால் "மாத்திரை சூடு", "வயசாச்சு" என்று கடந்துவிடுவோம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

இன்னொரு குழப்பம்: "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்" என்பார்கள். டி.எஸ்.எச். பரிசோதனையில் இது தெரியாது. கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றோடு பி.டி.எச். பரிசோதனையை டாக்டர் தனியாக எழுதணும். எழுதவில்லை என்றால் கேட்கத் தயங்காதீங்க. கால்சியத்தின் வழக்கமான அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறிது மாறும். பி.டி.எச். அளவு இன்னும் அதிகமாகவே மாறும் என்பதால், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுப்பது நல்லது.

சிகிச்சை உண்டு. பொதுவாக ஓராண்டு வரை கண்காணிப்பார்கள். கால்சியம் மிக அதிகமாக இருந்தால் காத்திருக்க மாட்டார்கள். சினகால்செட் மாத்திரை சிலருக்குப் போதும். மற்றவர்களுக்கு, பெரிதான சுரப்பிகளை அறுவை சிகிச்சையில் நீக்கி, தேவையான அளவு மட்டும் விட்டுவைப்பார்கள். அதன்பின் கால்சியம் திடீரென இறங்கலாம். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லணும்.

"எலும்புக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு கால்சியம் மாத்திரையோ வைட்டமின் டி மருந்தோ நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில நீர் மாத்திரைகளும் அசிடிட்டி மாத்திரைகளும்கூட கால்சியத்தை ஏற்றும். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

உங்க போனில் தனி ஆல்பம் ஒன்று வைத்து, ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதியோடு படம் எடுத்துச் சேமிங்க. ஒரே ஒரு எண்ணைவிட, கால்சியம் மாதா மாதம் எப்படி ஏறி இறங்குது என்பதுதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சை அடங்கும். பாராதைராய்டு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் காட்டி முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.