மாவா, தாளிப்பா? கோடை முகாமும் பயணமும் இயங்கும் விதம்

முழுப் பரீட்சை அட்டவணை வந்த கையோடு கோடை விடுமுறை நோட்டீஸ்களும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஒன்றில் பத்து நாள் தங்கும் முகாம். இன்னொன்றில் எட்டு நாள் இமயமலை ட்ரெக்கிங். பதினாலு வயதுப் பிள்ளை இரண்டையும் நீட்டி, "எதுலம்மா சேர்த்து விடறே?" என்கிறது. கட்டணத்தைப் பார்க்கும் முன் இரண்டும் பிள்ளைக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். அதற்கு நம் அடுப்படியே போதும்.

முகாம்: மாவு புளிக்கும் பாத்திரம்

நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. தனித்தனியே அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடிவிட்டால் நம் வேலை முடிந்தது. உளுந்தோடும் அரிசியோடும் வந்த நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்க, மாவு பொங்குகிறது. சென்னை வெக்கையில் எட்டு மணி நேரம் போதும். குளிர் ஊரில் பன்னிரண்டைத் தாண்டும்.

முகாமும் அப்படித்தான். ஒரே இடம், ஒரே ஆட்கள், ஒரே மாதிரி விடியும் நாட்கள். முதல் இரண்டு நாள் படுக்கைக்குச் சண்டையும் வீட்டு நினைப்புமாகப் போகும். அதற்குப் பிறகுதான் தெரியாத பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆகிவருவார்கள். இதை யாரும் கற்றுத்தருவதில்லை. ஒரே பாத்திரத்தில் கிடப்பதால் நடக்கிறது.

ஆகவே மூன்று விஷயம் பாருங்கள். பாத்திரத்தில் பொங்க இடம் இருக்கிறதா? காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை ரோபோட்டிக்ஸ், யோகா, நீச்சல் என்று விளிம்பு வரை நிரப்பிய அட்டவணையில் நட்புக்கு நேரம் ஏது? அடுத்தது மூடி. மணிக்கொரு தரம் போன் போடுவது, மாவைத் திறந்து திறந்து பார்ப்பது போலத்தான். மூன்றாவது, நாள் கணக்கு. கூச்ச சுபாவப் பிள்ளை குளிர் ஊர் மாவு. மூன்று நாள் முகாம் அதற்குப் போதாது.

செலவு கட்டுப்படியாகாதவர்களும் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் நடத்தும் கோடைப் பயிற்சியில் பிள்ளை தினமும் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் மைதானமும் பயிற்சியாளரும் கூட்டாளிகளும் மாறுவதில்லை. சின்னப் பாத்திரம்தான், ஆனாலும் மாவு புளிக்கும்.

பயணம்: காய்ந்த எண்ணெயில் கடுகு

தாளிப்பு நொடிக் கணக்கு. கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவந்ததும் மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் பெருங்காயம். எண்ணெய் காய்ந்த பிறகு டப்பாவைத் தேடினால் கடுகு கருகும். எல்லாம் முன்னாலேயே கைக்கு எட்ட இருக்க வேண்டும்.

பயணத்தில் அந்த முன்னேற்பாடு ஒரு மாத நடைப் பயிற்சி, பழகிய காலணி, மருத்துவச் சான்று, டிக்கெட். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரியிலேயே "மே மாத டிக்கெட் கன்ஃபர்ம்" என்பவரிடம், எந்த ரயில் என்று கேளுங்கள்.

எண்ணெய் காயாவிட்டால் கடுகு சும்மா கிடக்கும். என் மகன் ஒரு முறை ஆறு நாளில் ஐந்து ஊர் பார்த்துவிட்டு வந்தான். என்னடா பார்த்தே என்றால், பஸ்ஸில் போட்ட படங்களின் பெயரைச் சொன்னான். ஏசி பஸ், ஹோட்டல், நம் ஊர்ச் சாப்பாடு. பிள்ளை எதையும் தானாகச் சமாளிக்க வேண்டியிருக்கவில்லை. வழி கேட்பது, தெரியாத மொழியில் பேரம் பேசுவது, சுமையைத் தானே தூக்குவது: அந்தச் சூட்டில்தான் கடுகு வெடிக்கும்.

சூடு மீறினால் கருகும். மலையேற்றத்தில் உயரம்தான் அந்தச் சூடு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் மலைநோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பின் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வும் வேண்டும். நோட்டீஸில் உள்ள நாள்வாரி உயரங்களைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டும் சேர்ந்தால் பணியாரம்

புளித்த மாவில் தாளிப்பைக் கொட்டினால் குழிப் பணியாரம். இஸ்ரோ 2019இல் தொடங்கிய 'யுவிகா' ஏறக்குறைய அந்த வகை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல மாநிலங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, இஸ்ரோ மையங்களில் இரண்டு வாரம் தங்க வைக்கிறார்கள். பயணமும் உண்டு, ஒரே இடத்தில் ஊறுவதும் உண்டு. செலவை இஸ்ரோவே ஏற்கிறது.

ஆனால் வரிசை மாறக் கூடாது. தாளிப்பை மட்டும் தனியாகச் சாப்பிட முடியாது; அது விழ ஒரு மாவு வேண்டும். வீட்டை விட்டு நாலு இரவு தங்கியிராத பிள்ளைக்கு முதலில் முகாம். தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டு, உடம்புக்கு முடியாதபோது பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைக்குப் பயணம். ஒரே முகாமுக்கு மூன்றாவது வருஷமும் போய் அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் பயணம்தான். மாவு அதிகம் புளித்தாலும் நன்றாக இருக்காது.

எதுவானாலும் முன்பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் எத்தனை பேர், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் உண்டா, பாதியில் திரும்பினால் பணம் எவ்வளவு திரும்பும். எழுதித் தரத் தயங்குகிறவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.