270 ரூபாயை உருக்கிய கிளப்!
ஓசி பீர் நின்றது, உறுப்பினர்கள் கழன்றார்கள், கோப்பை மட்டும் மிச்சம்

நாயுடுபுரம்:
ஒரு சங்கத்தை இழுத்து மூடுகிறார்கள். பெட்டியில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வார்கள்?

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் உடனே வரும். "பங்கு போட்டுக்குவாங்க" என்பார் ஒருவர். "பிரியாணி போட்டு முடிச்சிருவாங்க" என்பார் இன்னொருவர். "மொதல்ல பணம் மிச்சம் இருந்தாத்தானே!" என்று சிரிப்பார் மூன்றாமவர்.

கல்கத்தாவில் ஒரு கிளப்புக்கு இந்த நிலைமை வந்தது. இருந்த பணம் 270 வெள்ளி ரூபாய். பாங்கியிலிருந்து எடுத்தார்கள். பங்கு போடவில்லை. விருந்து வைக்கவில்லை. அவ்வளவு காசையும் உருக்கினார்கள்!

இது நடந்தது 1878ல். உருக்கிய வெள்ளியில் ஒரு கோப்பை செய்து சீமைக்கு அனுப்பினார்கள். அந்தக் கோப்பைக்காகத்தான் இன்றைக்கும் வருஷா வருஷம் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மண்ணில் புரண்டு மோதுகின்றன. கோப்பையின் பெயரே "கல்கத்தா கோப்பை".

கையால் ஆடும் கால்பந்து!

கிளப்பின் பெயர் கல்கத்தா கால்பந்து கிளப். ஆனால் நம்ம ஊர்ப் பையன்கள் ஆடும் கால்பந்து அல்ல அது. ரக்பி.

பந்து உருண்டையாக இருக்காது. பப்பாளிப் பழம் மாதிரி நீளவாக்கில் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவான். தள்ளலாம், அது தப்பில்லை! பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அதற்குப் பெயர் "ட்ரை".

மலையில் ஆடும் பையன்களுக்கு ஒன்று தெரியும். பந்து கையை விட்டுப் போனால் சரிவில் இறங்கி எங்கே போய் நிற்குமோ, யாருக்குத் தெரியும்! உருண்டைப் பந்துக்கே அந்தக் கதி. இந்த நீள்பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பது ஆடுகிறவனுக்கே தெரியாது.

ஆட்டம் குளிர்தேசத்து ஆட்டம். ஓடி, மோதி, விழுந்து எழுந்தால்தான் உடம்பில் சூடு ஏறும். கொடைக்கானல் மாதிரி 7 ஆயிரம் அடி உயரத்தில் ஆடினால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் இங்கே மலையேறி வந்த துரைமார்கள் 1890ல் படகு கிளப் வைத்தார்கள். 1895ல் கோல்ஃப் கிளப் வைத்தார்கள். வேர்வை சிந்தாத ஆட்டங்கள்! அந்த இரண்டு கிளப்புகளும் இன்னும் இருக்கின்றன. வேர்வை ஆறாக ஓடும் கல்கத்தாவில் ரக்பிக்குக் கிளப் வைத்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மல்லுக்கட்டு

1872, டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். கல்கத்தாவில் இரண்டு கோஷ்டிகள் மைதானத்தில் இறங்கின. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் 20 பேர். எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து 20 பேர். இப்போது பக்கத்துக்கு 15 பேர்தான், அன்றைக்கு 20. மொத்தம் 40 பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொண்டதை மரத்தடியில் நின்று பார்த்த வண்டிக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

உலகத்திலேயே முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்தது 1871 மார்ச்சில், எடின்பரோவில். இரண்டே வருஷத்துக்குள் அதன் மாதிரியைக் கல்கத்தாவில் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ருசி கண்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கிளப் பிறந்தது. 1874ல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனிலேயே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டது.

கிளப்பில் கூட்டம் சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். உறுப்பினர்களுக்கு அங்கே குடி இலவசம்! ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓசி பீர். அப்புறம் கேட்க வேண்டுமா?

ஓசி நின்றது... ஆளும் நின்றது

எத்தனை நாளைக்கு ஓசியில் ஊற்ற முடியும்? ஒருநாள் நிறுத்தினார்கள். உறுப்பினர் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. "ஆட்டத்துக்கு வந்தவன் எத்தனை பேர், அதுக்கு வந்தவன் எத்தனை பேர்"ங்கிறது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழியை முழுக்க பீர் மேலேயே போடுவது நியாயம் அல்ல. நன்றாக ஆடிய ஒரு பட்டாளம் கல்கத்தாவை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு டென்னிஸ், போலோ மேல் கண் போனது. குதிரை ஓடினால் போதும், தான் ஓட வேண்டியதில்லை! வெயிலும் ஒத்துவரவில்லை. ஐந்து வருஷத்துக்குள் களத்தில் இறக்க ஆள் இல்லை.

கையிருப்போ அப்படியே இருந்தது.

மூன்று பதவி, ஒரே ஆள்

கிளப்பின் கேப்டன் ஜி.ஏ. ஜேம்ஸ் ரோத்னி. செயலாளரும் அவரே. பொருளாளரும் அவரே. வீழ்கிற சங்கங்களில் இது வழக்கம்தான். எல்லாரும் கழன்றுகொள்வார்கள், கணக்குப் புத்தகம் ஒருத்தர் கையில் நிற்கும். நம்ம ஊர் மன்றங்களிலும் இதைப் பார்க்கலாம்.

அப்படி நிற்கிற ஒருத்தர் நினைத்தால் கணக்கை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? ரோத்னி அப்படி முடிக்கவில்லை. 1877 டிசம்பரில் இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் கிளப் கலைகிறது. இருக்கும் பணத்தில் ஒரு கோப்பை செய்து தருகிறோம். ஆட்டத்துக்கு நிலையாக ஏதாவது நன்மை நடக்கட்டும் - சாரம் இதுதான். அங்கே சரி என்றார்கள்.

வெள்ளி எவ்வளவு இருந்திருக்கும்? அன்றைய ரூபாய் நாணயம் ஒன்று சரியாக ஒரு தோலா எடை, அதாவது பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். 12 பங்கில் 11 பங்கு சுத்த வெள்ளி. 270 நாணயத்தின் மொத்த எடையைக் கணக்குப் போட்டால் மூன்று கிலோவைத் தாண்டும்; சுத்த வெள்ளி மட்டும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே. நகைக்கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி.

பாம்புக் கைப்பிடி, யானை மூடி

கோப்பை ஒன்றரை அடி உயரம். கைப்பிடிகள் மூன்று. மூன்றும் படமெடுக்கும் நாகப்பாம்புகள்! மூடியின் உச்சியில் ஒரு யானை. உடம்பெல்லாம் நுணுக்கமான சித்திர வேலை. எந்தச் சீமைப் பட்டறையிலும் வந்த சரக்கு அல்ல, இந்தியக் கைவேலை என்று பார்த்ததும் தெரியும்.

அடிப்பீடத்தில் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். வருஷம், ஜெயித்த நாடு, இரண்டு கேப்டன்களின் பெயர் - எல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கோப்பை பிறக்கும் முன்னாலேயே நடந்த 1871 ஆட்டம் முதலாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்! அவ்வளவு பெயர்களைப் பொறித்தவர்கள், வெள்ளியைத் தட்டி நாகத்துக்குப் படம் எடுத்தவரின் பெயரைத் தேடியதாகத் தெரியவில்லை.

முதல் ஆட்டம் 1879 மார்ச் 10, எடின்பரோவில். சமன். ஜெயித்து முதலில் கோப்பையைத் தூக்கியது இங்கிலாந்து, மறு வருஷம்.

கேட்டது ஒன்று, நடந்தது ஒன்று

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோப்பை கொடுத்தவர்கள் விரும்பியது நாட்டுக்கும் நாட்டுக்குமான போட்டியை அல்ல. கிளப்புக்கும் கிளப்புக்கும்! இங்கிலாந்தில் அந்தச் சமயம் கால்பந்துக்கு எஃப்.ஏ. கோப்பைப் போட்டி வந்து சூடு பிடித்திருந்தது. அந்த மாதிரி ரக்பி கிளப்புகள் எல்லாம் மோதி, கடைசியில் ஒரு கிளப் எடுத்துப் போகட்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் ஆசை. செத்துப்போன கிளப்பின் காசு மற்ற கிளப்புகளுக்கு உதவட்டும் என்ற எண்ணம்.

யூனியன் பெரியவர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டார்கள். ஆசையை வாங்கிக்கொள்ளவில்லை. கிளப்புகளுக்குள் கோப்பைப் போட்டி வந்தால் வெறி வரும். வெறி வந்தால் நல்ல ஆட்டக்காரனுக்குக் காசு கொடுத்து இழுப்பார்கள். கனவான்கள் ஆட்டம் கெட்டுப் போகும் என்பது அவர்கள் பயம்.

பயந்த விஷயம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. வட இங்கிலாந்து கிளப்புகளில் ஆடியவர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. "போன கூலியையாவது கொடுங்க" என்று கேட்டார்கள். கூடாது என்றது யூனியன். 1895 ஆகஸ்ட் 29ல் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஓட்டலில் கூடி, இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் தனிக்கட்சி கட்டின. கூலியை இழந்தால் நாளுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று முடிவு. அந்தப் பிரிவுதான் பின்னால் 13 பேர் ஆடும் "ரக்பி லீக்" ஆனது. சம்பளம் பிடிக்கப்பட்ட அனுபவம் உள்ள குமாஸ்தாக்களுக்கு இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்கத்தாவில் ஓசி பீர் குடித்து ஆடிய துரைமாருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கிளப் போட்டியை இங்கிலாந்து யூனியன் நாடு தழுவி நடத்த 1971-72 சீசன் வரை ஆனது. கோப்பை கொடுத்து 93 வருஷம் கழித்து! முதலில் ஜெயித்தது குளோஸ்டர் கிளப். பரிசு வேறு கோப்பை.

கோப்பையையே பந்தாக்கினார்கள்!

1988 மார்ச். எடின்பரோவில் இங்கிலாந்து ஜெயித்தது. ராத்திரி விருந்து முடிந்து, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். பிரின்சஸ் தெருவில் அதையே பந்தாக வைத்து விளையாட்டு! 110 வருஷத்துக் கோப்பை நசுங்கிப் போனது.

தண்டனையிலும் வித்தியாசம். ஜெஃப்ரிக்கு ஆறு மாதம் தடை. ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஓர் ஆட்டம். ஒரே குற்றம், இரண்டு நாட்டாமை, இரண்டு தீர்ப்பு.

ரிப்பேர் செய்து நிமிர்த்தினார்கள். இப்போது உடம்பு நொய்ந்துவிட்டதால் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். லண்டன் ட்விக்கன்ஹாமில் ரக்பி அருங்காட்சியகம் அதன் வீடு. 2021 முதல் 2024 வரை நான்கு வருஷம் தொடர்ந்து ஸ்காட்லாந்து ஜெயித்தது. 2025ல் 16-15 என்று ஒரே ஒரு புள்ளியில் இங்கிலாந்து பிடுங்கிக்கொண்டது.

மூடிய கதவு திறந்தது

சரி, கல்கத்தாவில் என்ன ஆச்சு?

1884ல் கிளப் மறுபடி உயிர் பெற்றது! பாங்கியில் பழைய பணம் இல்லை. அது சீமையில் கோப்பையாக நிற்கிறது. திரும்ப முதலிலிருந்து சந்தா. 1890ல் உள்ளூர் கிளப்புகளுக்குள் ஒரு கோப்பைப் போட்டியையும் ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் மறுக்கப்பட்டதை வங்காளத்தில் தாங்களே செய்துகொண்டார்கள்.

1965ல், 1792ல் பிறந்த கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு இணைந்து கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்து கிளப் ஆயிற்று. பாலிகஞ்சில் மைதானம். அங்கே ரக்பி சீசன் மழைக்காலம். மழையில் தரை இளகினால்தான் விழுகிறவன் எலும்பு தப்பும். முதல் கிளப்புக்கு வெயில் எமனாக வந்தது. பின்னால் வந்தவர்கள் மழையைத் துணைக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆடுகிறவர்களும் மாறிவிட்டார்கள். 2004ல் பால் வால்ஷ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி கல்கத்தாவில் "ஜங்கிள் குரோஸ்" என்று ஓர் அணி ஆரம்பித்தார். காட்டுக் காக்கைகள்! மைதானத்துப் பக்கம் சுற்றித் திரிந்த ஏழைப் பையன்கள்தான் ஆட்டக்காரர்கள். ஒரு காலத்தில் துரைமார் பந்தை எடுத்துப் போட மட்டும் அழைக்கப்பட்டிருப்பார்கள். இப்போது பெரிய கிளப்புகளோடு நேருக்கு நேர் மோதுகிறார்கள்.

அங்கிருந்து ஆட்டம் மலையடிவாரத்துக்கும் ஏறியது. சிலிகுரி பக்கம் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். கொழுந்து கிள்ளும் தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீள்பந்தைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் சிலர் இந்திய அணிச் சட்டையே போட்டுவிட்டார்கள். 2019 ஜூனில் இந்தியப் பெண்கள் அணி மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று சாய்த்தது. 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது.

பழைய கிளப்பும் நன்றாகவே நடக்கிறது. மழை பிடித்ததும் சேற்றில் புரள்கிறார்கள். உறுப்பினர்களுக்கு பார் வசதியும் உண்டு.

ஓசி மட்டும் கிடையாது!