கொடியும் பந்தரும்

கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குப் பாரி தன் தேரை ஈந்த செய்தியைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் கூறும். வள்ளலின் கொடைக்குச் சான்றாகும் அச்செய்தியில் தாவரவியல் உண்மையொன்றும் அடங்கியுள்ளது. மரம் தன் உணவிற் பெரும்பகுதியைத் தண்டைத் தடிப்பிப்பதிற் செலவிடும். கொடியோ அதனை நீளுதற்கே செலவிடும். ஆகலின் அது விரைந்து நிழல் தரும். ஆயின் பிறிதொன்றன் துணையின்றி நில்லாது.

கொடிகள் ஏறும் முறை ஒன்றன்று. சாள்ஸ் டார்வின் 1865ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை வகுத்து விளக்கியது. அவரையும் சங்குப்பூவும் தண்டாற் சுற்றுவன. பாகல், புடோல், முந்திரிகை என்பன தந்து எனப்படும் சுருளுறுப்பாற் பற்றுவன. வெற்றிலையும் மிளகும் கணுவேர்களால் ஒட்டுவன. போகன்விலா முள்ளைக் கொளுவிச் சாய்ந்தேறுவது.

இவ்வேறுபாட்டை அறியாது அமைத்த பந்தர் பயன்படாது. தடித்த தூணைத் தந்து வளைத்துப் பிடிக்கமாட்டாது. அதற்கு மெல்லிய கம்பியோ கயிறோ வேண்டும். பற்றிய தந்து இடையிலே திசைமாறிச் சுருண்டு வில்போலாதலின், காற்றிற் கொடி அறாது அசைந்து கொடுக்கும். மிளகிற்குச் சொரசொரப்பான பட்டையுள்ள மரமே ஏற்றது. போகன்விலாவை இடையிடையே கட்டிவிடல் வேண்டும். சில திங்களில் மடியும் பாகலுக்கு இலேசான கழிகள் போதும். பல்லாண்டு வாழும் முந்திரிகையின் பாரத்துக்கு உறுதியான தூண்கள் வேண்டும்.

தகரக் கூரையும் வெயிலை மறைக்கும். ஆயின் தான் சூடேறி அச்சூட்டைக் கீழே உமிழும். இலையோ ஆவியுயிர்ப்பினால் நீரை வெளிவிடும். 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் இலையிலிருந்தும் கவரப்படுதலின், நீர் பெற்ற இலை அத்துணைச் சூடேறுவதில்லை. கொடிநிழலின் தண்மைக்குக் காரணம் இதுவே.

எனவே அத்தண்மைக்கு விலை நீராகும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விலையைச் செலுத்துவது கிணறே. வேரடியிற் சருகிட்டு மூடினால் மண்ணின் ஈரம் வீணே போகாது.

திசையும் கருதற்பாலது. யாழ்ப்பாணத்திற் சித்திரைத் தொடக்கத்தும் ஆவணி நடுவிலும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேரே நிற்கும். அப்போது மேற்பந்தர் உதவும். மாலை வெயிலோ சாய்ந்து உட்புகும். அதனை மேற்குப்புறத்தே நிமிர்த்திய கொடித்தட்டியே தடுக்கும்.

கொடியின் இயல்பறிந்து துணையும், ஞாயிற்றின் செலவறிந்து திசையும், கிணற்றின் அளவறிந்து பரப்பும் வகுத்தவனுக்கே பந்தர் நிழலாகும்; ஏனையோர்க்கு அது வெறும் கழிக்கூட்டமே.