நுரையீரல் புற்றுநோய் ஏன் காலம் கடந்தே கண்ணில் படுகிறது?

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் சில்வர் ஓக் மரமேறிய மிளகுக்கொடியின் வேர் அழுகத் தொடங்கினாலும், இலை மஞ்சளாகும்வரை கேடு வெளியே தெரிவதில்லை. நுரையீரல் திசுவில் வலியுணர் நரம்புகள் மிகக் குறைவாதலால், அங்கு வளரும் கட்டியும் அவ்வாறே நெடுநாள் ஒளிந்திருக்கிறது.

பின்னர் எழும் இருமலும் சளியில் கலந்துவரும் இரத்தமும் காசநோயையே நினைவூட்டுவதால், கிருமி உறுதிப்படாமலேயே அதற்கான மருந்து தொடங்கப்பட்டு மாதங்கள் கழிவது இந்தியாவில் அரிதன்று. பரிசோதனைக்காகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்க வேண்டியோருக்குத் தாமதம் கூடுமேயன்றிக் குறையாது.

அதற்குள் புற்றுச் செல்கள் நிணநீரிலும் இரத்தத்திலும் பயணித்து மூளையிலும் எலும்பிலும் குடியேறிவிடுகின்றன.

வேறுபாட்டைப் பாருங்கள்: அமெரிக்கப் பதிவேடுகளின்படி, கட்டி நுரையீரலுக்குள் அடங்கியிருக்கையில் கண்டறியப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் 5 ஆண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர், தொலைவுறுப்புகளுக்குப் பரவியபின் 10 பேரில் ஏறத்தாழ ஒருவரே. முன்னதில் கட்டியுள்ள நுரையீரல் மடலையே அறுத்தகற்ற இயலும். பின்னதில் மருந்துகள் பெரும்பாலும் நோயை அடக்கிவைக்கவே உதவும்.