பஃபர் மீனுக்குத் துணை எது?

கடலோர மக்கள் பேத்தை என்று அழைக்கும் பஃபர் மீன் இனங்களில் சில, இன்று வீட்டுத் தொட்டிகளிலும் விரும்பி வளர்க்கப்படுகின்றன. அவற்றுடன் எந்த மீனைச் சேர்த்து விடலாம் என்று முடிவு செய்வதற்கு முன், அவற்றின் உடலமைப்பை அறிந்துகொள்வது அவசியம். மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக அமைந்த நான்கு பற்கள் கிளியின் அலகைப் போல இணைந்து கடினப்பட்டிருக்கின்றன. இவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நத்தை ஓடு போன்ற கடினமான இரையை உடைத்துத் தேய்த்துக்கொள்ள வழியில்லாத மீனின் வாய் நாளடைவில் அடைபட்டு, அது உண்ண முடியாமல் மடிய நேர்கிறது. இம்மீன் இரையை விரைந்து துரத்துவதில்லை. இரு கண்களையும் தனித்தனியே சுழற்றி நோட்டமிட்டு, நத்தைக்கு அருகில் ஏறத்தாழ அசையாமல் மிதந்தபடி காத்திருந்து, அது உணர்கொம்பை வெளியே நீட்டியதும் சட்டென்று கடித்துவிடுகிறது. கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் போன்ற மீன்களின் நீண்டு அசையும் துடுப்புகளும் இப்பார்வைக்கு இரையாகவே படுகின்றன. மறுநாள் காலையில் அவற்றின் வாலில் பிறை வடிவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது இதன் அடையாளம்.

குணத்தைக் காட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. பஃபர் மீன்களில் நன்னீரில் வாழ்பவை, கடலில் வாழ்பவை, ஆறும் கடலும் கலக்கும் கழிமுகங்களின் உவர்நீரில் வாழ்பவை என மூவகையும் உண்டு என்பதால், ஒரே வகை நீரைத் தாங்காத இரு மீன்கள் எவ்வளவு சாதுவானவையாக இருந்தாலும் துணையாக முடியாது.

கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் மலபார் குள்ளப் பஃபர் நன்னீர் வகையைச் சேர்ந்தது. ஹோராவும் நாயரும் 1941-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இம்மீன் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே வளர்ந்தாலும், தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கடிக்கத் தயங்குவதில்லை. இதற்குத் தன் இனமே பொருத்தமான துணை. ஆண்கள் தங்களுக்குள் சண்டையிடும் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற அளவில் விட்டு, ஒன்றன் பார்வையிலிருந்து மற்றொன்று விலகி ஒளிந்துகொள்ளுமாறு செடிகளையும் மரக்கட்டைகளையும் அடர்த்தியாக வைப்பது நல்லது. வயது வந்த ஆணின் வயிற்றில் ஓடும் கருங்கோடு அதை இனங்காண உதவும். வேற்றினம் வேண்டுமென்றால், ஓட்டோசிங்க்ளஸ் எனப்படும், பாசி தின்னும் சிறு கெளுத்தி பல தொட்டிகளில் இணக்கமாக வாழ்ந்திருக்கிறது. சிறிய இறால்களோ பெரும்பாலும் உணவாகிவிடும். அழியக்கூடிய நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் இம்மீனை, பொருந்தாத கூட்டத்தில் விட்டுப் பலிகொடுப்பது மன்னிக்கத்தக்கதன்று.

பச்சைப் புள்ளிப் பஃபரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. கட்டைவிரல் அளவுக் குஞ்சாக, உப்பில்லாத தொட்டியில் வைத்து விற்கப்படும் இது, வளர்ந்தால் 15 சென்டிமீட்டரை எட்டும் உவர்நீர் மீன். வயது ஏற ஏற அதற்கு உப்பும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்பைக் கரைத்து, நீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். இந்நீரில் வாழக்கூடிய ஸ்காட், மோனோ ஆகிய மீன்கள் வேகமாக நீந்துபவை என்பதால் கடிக்குத் தப்பக்கூடும்; ஆனால் அவையும் மிகப் பெரிதாக வளர்வதால், பல நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி உள்ளவர்களே அம்முயற்சியில் இறங்கலாம். மற்றவர்கள் இதைத் தனியாக வளர்ப்பதே முறை. தனிமை இம்மீனுக்குத் துன்பமன்று. கண்ணாடிக்கு வெளியே நடமாடுபவரையே பின்தொடர்ந்து கவனிக்கும் அளவுக்குச் சுற்றுப்புறத்தில் நாட்டம் கொண்ட உயிர் அது.

துணையால் பஃபருக்கே கேடு நேர்வதும் உண்டு. மெல்ல நீந்தி, இரையை நிதானமாக ஆராய்ந்து உண்ணும் அது, பாய்ந்து உணவைப் பறிக்கும் மீன்களுக்கிடையே பட்டினி கிடக்க நேரிடும். வயிறு ஒட்டிய பஃபரை அத்தொட்டியிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும். ஆகையால் புதுத் துணையைச் சேர்ப்பவர், கடிபட்டதையோ பட்டினி கிடப்பதையோ அன்றைக்கே மாற்றி விடுவதற்கு, வடிகட்டி ஓடும் இன்னொரு தொட்டியை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.